படங்கின் நிழல்

நிற்கும் வண்டியை வீடாக்குவது எது? அதன் பக்கத்தே விரிக்கப்படும் ஒரு துணியும் அது தரும் நிழலுமேயாம். மேலைநாட்டார் மோட்டார் வண்டியின் பின்னே சிறியதோர் உறைவண்டியைப் பூட்டிச் சென்று, தங்குமிடத்தில் அதன் ஓரத்தே துணிப்பந்தல் இறக்கி இளைப்பாறுவர். இதனை நமக்குப் புதிய வழக்கமென்று கருதுவார் உளர். பழைய நூல்களைப் பயின்றோர் அங்ஙனம் கருதார்.

உப்பு வணிகராகிய உமணர் மனைவி மக்களோடு செல்லும் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை உறுப்புறுப்பாக எடுத்துரைக்கின்றது. மேலே வேய்ந்த கூரையும், கயிற்றாற் பிணித்த காடிப்பானையும், குழந்தையோடு எருதை ஓட்டும் பெண்ணும் அங்கே காணப்படுவர். முல்லைப்பாட்டிலோ, காட்டிடைப் பாசறை அமைக்கும் வீரர் தம் விற்களையே கால்களாக ஊன்றிக் கயிறு வளைத்து இருக்கை செய்கின்றனர். ஊன்றும் கோல், இழுக்கும் கயிறு, மூடும் பொருள் என்னும் இம்மூன்றுமே இன்றைக்கும் முதல். இத்துணிக்குப் பெயர் தேடி நாம் அலையவும் வேண்டா. படங்கு என்னும் சொல் மேற்கட்டியையும் கூடாரத்தையும் குறிக்கும். நம் உழவர் களத்திலே விரிக்கும் பெருந்துணியையும் அச்சொல்லாலேயே வழங்குவர்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் ஞாயிறே பெயரிட்டது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. படுவான்கரையிலுள்ள மண்டூர் முருகன் கோயிலுக்கும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்கும் முன்னாளில் மாட்டுவண்டிகளிலே குடும்பங்கள் சென்று மரநிழலில் தங்குவது வழக்கம். இன்று அவ்வண்டியின் இடத்தை லாண்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டி பெற்றுவிட்டது. படுவான்கரையிலிருந்து புளியந்தீவுக்கு வந்து என்னிடம் பாடங்கேட்கும் மாணவர் ஒருவர், சென்ற ஆவணியில் தம் வீட்டுப் பெட்டிக்கு ஒரு படங்கு அமைக்க விரும்பினார். நானும் உடன் சென்றேன்.

முதலில் திசையைத் தெரிந்தோம். அக்காலத்தில் வெயிலும் மேற்கிலிருந்து சாயும். கச்சான் காற்றும் அப்புறமிருந்தே வீசும். ஆதலின் பெட்டியை வடக்குத் தெற்காக நிறுத்தி, எழுவான் பக்கத்தில் படங்கை இறக்கினோம். பிற்பகல் வெயிலையும் காற்றையும் பெட்டியே தாங்கிக்கொண்டது.

எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள தறப்பாள் ஒன்றை எடுத்து, நீண்ட விளிம்பை மடித்து, உள்ளே கயிறு செலுத்தித் தைத்தோம். தறப்பாளில் கண்வளையம் இற்றுப்போன மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் துணியோடு சுற்றிக் கட்டினால், கயிறு அக்கல்லைப் பற்றிக்கொள்ளும், துணி கிழியாது. பெட்டியின் மேற்சட்டத்தில் ஏழடி உயரத்திற் கட்டிய படங்கின் வெளி விளிம்பை ஐந்தரை அடிக்குத் தாழ்த்தினோம். வெளிக்கால் இரண்டனுள் ஒன்றை இன்னும் ஒரு சாண் குறைத்தோம். காரணம் யாதெனின், மாலையில் இடிமழை பெய்தால் நீர் ஒரு மூலையால் வடிதல் வேண்டும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு சென்ரிமீற்றர் நீர் தேங்கினால் அதன் நிறை 10 கிலோகிராம். இப்படங்கு முழுதும் அவ்வளவு தேங்கினால் ஏறத்தாழ 45 கிலோகிராம் பாரம் ஏறும். வாவிக்கரை மணலில் முளை நில்லாது. ஆகவே மணல் நிரப்பிய உரப்பைகளைப் புதைத்து, அவற்றிலே இழுகயிறுகளைக் கட்டினோம்.

எல்லாம் முடிந்தபின் மாணவரின் பாட்டியார் அதன் கீழ் வர மறுத்தார். “தறப்பாளுக்குள்ள இனி நான் இருக்கமாட்டன், மனே” என்றார்.

அச்சொல்லின் பொருள் இப்பகுதியார் அனைவர்க்கும் விளங்கும். 2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் படுவான்கரை மக்கள் பல்லாயிரவர் போரினால் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடிவந்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கும், 2011ஆம் ஆண்டுத் தொடக்கத்தின் பெருவெள்ளத்துக்கும் பின்னரும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தறப்பாளே கூரையாயிற்று. எமக்கு விழாப் பந்தலாகத் தோன்றிய துணி அவ்வம்மையாருக்கு அகதி முகாமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

நாங்கள் வற்புறுத்தவில்லை. சிறிது நேரங்கழித்து அவரே, “மேல கிடுகு போடுங்கோ, தறப்பாளில முட்டாம ஒரு சாண் விட்டுப் போடுங்கோ. இல்லாட்டி வெக்கை இறங்கும்” என்றார். முகாமிலே வெந்த நாள்கள் கற்பித்த பாடம் அது. தறப்பாளின்மேல் வெயில் நேரே பட்டால் சூடு அப்படியே கீழிறங்கும். கிடுகு வெயிலைத் தாங்க, இடைவெளியிற் புகும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். குறுக்கே இரண்டு கம்பு கட்டி அவ்வாறே செய்தோம். வேறுபாடு உடனே தெரிந்தது. பாட்டியார் வந்து, மூன்று பக்கமும் திறந்திருத்தலை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பாய் விரித்து அமர்ந்தார்.

துன்பம் கற்பித்த அறிவு துன்பத்தோடு மறைந்துபோக வேண்டுவதில்லை. உமணர் வண்டியின் உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பாடிய புலவர், அவற்றைக் கண்ணாரக் கண்டு, கையாள்வோர் வாயாற் கேட்டே பாடியிருத்தல் வேண்டும். நம் மாணவரும் ஏட்டை மூடியபின் தம் வீட்டு முதியோரிடம் சென்று, முடிச்சுகளின் பெயரையும் கிடுகு வேயும் முறையையும் கேட்டுக் குறித்து வைப்பாராக. அதுவும் தமிழ்ப் படிப்பேயாம்.