மழைக்காலத்தில் பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் ஒரு காய்ந்த துணியை எடுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் விடியற்காலையில் பழகிப்போன சத்தம் ஒன்று உண்டு. வீட்டு முன் நிற்கும் பழைய மாருதி 800, ஆம்னி வண்டிகள் 'கிர்... கிர்...' என்று சுற்றும், பிடிக்காது. தக்காளிப் பெட்டியும் மொச்சை மூட்டையும் ஏற்றியாகிவிட்டது. நேரத்துக்குள் ஆண்டிபட்டிக்கோ தேனிக்கோ போய்ச் சேர வேண்டும். அவசரத்தில் செல்ஃபை விடாமல் அடிக்கிறோம். பேட்டரி இறங்கிவிடுகிறது. பிறகு வருகிறவர் கண்ணுக்கு அந்த இறங்கிப்போன பேட்டரிதான் தெரியும். புதுசு வாங்கிப் போட்டு, அடுத்த மழையில் மறுபடியும் அதே கதை.

பேட்டரி கெட்டதால் வண்டி நிற்கவில்லை. வண்டி பிடிக்காததால் பேட்டரி இறங்கியது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில் காதால் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று மட்டும் கேட்டாலோ, என்ஜின் சோம்பலாகச் சுற்றினாலோ குறை பேட்டரி பக்கம். டெர்மினலில் வெள்ளை, பச்சைப் பொடி பூத்திருக்கிறதா? ஒயரைக் கழற்றி (நெகட்டிவ் ஒயர் முதலில்), சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். பாடியில் முறுக்கியிருக்கும் எர்த் ஒயரையும் மறக்க வேண்டாம். துருப்பிடித்து லூசாக இருப்பது பெரும்பாலும் அதுதான்.

என்ஜின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி நல்லாயிருக்கிறது. இனி தீப்பொறி, இல்லாவிட்டால் பெட்ரோல். நாலைந்து முறை அடித்தபின் சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை வந்தால், பெட்ரோல் போகிறது, பொறிதான் வரவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் பத்துக்கு எட்டு வண்டியில் இதுதான் என்பது என் அனுபவம்.

ஏன் மழையில் மட்டும்? பேட்டரியின் 12 வோல்ட்டை காயில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுகிறது. அந்தக் கரண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வழியாக, தடித்த ஒயர்களில் ஓடி ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் போகிறது. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துப் பாய்வதுபோலத்தான். கரையில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராது அல்லவா? அதேபோல மூடியின் மேல் படிந்த புழுதி ராத்திரி ஈரத்தில் நனைந்ததும் கரண்டுக்கு வழி விடுகிறது. பிளக்குக்குப் போக வேண்டியது என்ஜின் பாடிக்கே கசிந்துவிடுகிறது. வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் வண்டி ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். 'பத்து மணிக்குத் தானாகச் சரியாகிவிட்டது' என்று யாராவது சொன்னால், அதுவே துப்பு.

பானட்டைத் திறங்கள். ஆம்னி என்றால் முன் சீட்டைத் தூக்க வேண்டும். மாருதி 800 மூன்று சிலிண்டர் வண்டி. மூடியிலிருந்து பிளக்குக்கு மூன்று ஒயர், காயிலுக்கு ஒன்று. அம்பாசிடரில் பிளக்குக்கு நான்கு. சாவியை எடுத்துவிட்டு, காய்ந்த பருத்தித் துணியால் காயில் தலை, ஒயர்கள், மூடி எல்லாவற்றையும் துடையுங்கள். பெட்ரோலில் நனைத்த துணி வேண்டவே வேண்டாம். அடுத்த நிமிடமே அங்கு பொறி பறக்கப்போகிறது.

இதிலேயே பல வண்டிகள் பிடித்துவிடும். பிடிக்காவிட்டால் மூடியைக் கழற்றுங்கள். ஒயர்களை மூடியிலிருந்து உருவ வேண்டாம். உருவித்தான் ஆக வேண்டுமென்றால் ஒன்றொன்றாக, டேப்பில் எண் ஒட்டிவிட்டு. வரிசை மாறினால் வண்டி வெடிச்சத்தம் போடுமே தவிர ஓடாது. மூடிக்குள் பனித்துளிபோல ஈரம் நிற்கலாம். துடைத்து வெயிலில் வையுங்கள். வெயில் இல்லாத நாளில் அடுப்பங்கரைச் சூடு போதும், கை பொறுக்கும் தூரத்தில். அப்போது உட்பக்கத்தை உற்றுப் பாருங்கள். பென்சிலால் கிழித்ததுபோல கருப்புக் கோடு தெரிந்தால், கரண்ட் அந்த வழியே ஓடி ஓடித் தடம் போட்டுவிட்டது என்று அர்த்தம். துடைத்தால் ஒருநாள் ஓடும். மூடியை மாற்றுவதே வழி. நடுவில் உள்ள சின்னக் கார்பன் குச்சி தேய்ந்திருக்கிறதா, ரோட்டர் விரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாயிண்ட் உள்ள பழைய வண்டியென்றால் பாயிண்ட் வாயையும் துடைக்க வேண்டும்.

ஒயர் கசிகிறதா என்று கண்டுபிடிக்க மழைக்காக காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு காய்ந்த நாள், நன்றாக இருட்டியபின், வண்டியை ஓடவிட்டு பானட்டைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். ஒயரிலோ மூடியிலோ நீலப் பொறி ஓடினால் கசிவு அங்கேதான். ஒன்றும் தெரியாவிட்டால் கைத்தெளிப்பானால் பனிபோல லேசாகத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். எதையும் தொடக் கூடாது. துண்டு, வேட்டி நுனி ஃபேன் பக்கம் போகக் கூடாது.

பிளக்கைக் கழற்றி ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. விட்டுவிடுங்கள். பலமான ஷாக் அடிக்கும். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீயும் பிடிக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் ஒயரைத் தொங்கவிட்டு அடித்தால் அந்தச் சாமானே எரிந்துவிடலாம்.

இன்னொரு ஆள் எலி. மழையில் வரப்பு வளை நிறைந்ததும் அது தேடி வருவது சூடான என்ஜினைத்தான். தேங்காய் நாரும் இலவம் பஞ்சும் கொட்டிக் கிடக்கும் கொட்டகையில் வண்டி நின்றால் கூடு கட்டச் சாமான் பக்கத்திலேயே இருக்கிறது. கடிபட்ட ஒயர் வெயிலில் வேலை செய்யும், ஈரத்தில் மக்கர் பண்ணும்.

பெட்ரோல் வாடையே இல்லை என்றால் வேறு கதை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். மாதக்கணக்கில் கால் டேங்க் பெட்ரோலோடு நிற்கும் வண்டிக்கு இது நடக்கும். டேங்கை மெக்கானிக்கிடம் சொல்லி இறக்கிச் சுத்தம் செய்வதுதான் சரி. மாறாக வாடை தூக்கலாக அடித்தால் அடித்து அடித்து பெட்ரோல் நிரம்பிவிட்டது. பத்து நிமிடம் விட்டு, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு அடியுங்கள். எப்போதும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். நடுவே அரை நிமிடம் இடைவெளி.

கம்பம், போடி பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் டீசல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன துடைக்கும் வேலை பொருந்தாது. டீசலுக்குப் பிளக் பொறி கிடையாது. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடுதான் போதவில்லை. ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டர் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும். திருகைத் தளர்த்தி வடித்துவிட்டு, ஹேண்ட் பம்பை அடித்து ஏர் எடுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள டீசல் வண்டியில் 'ஸ்டார்ட்டிங் ஸ்பிரே' அடிப்பது ஆபத்து.

துடைத்தும் காயவைத்தும் பிடிக்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். 'வண்டி ஸ்டார்ட் ஆகலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'செல்ஃப் வேகமாச் சுத்துது, பெட்ரோல் வாடை வருது, மழை பெஞ்ச காலையில மட்டும்தான் இப்படி' என்று சொல்லுங்கள். மூடி, ரோட்டர், ஒயர் செட் ஆகியவற்றைக் கையோடு எடுத்து வருவார். இரண்டாவது தடவை தேனிக்குப் போய் வரும் அலைச்சல் அவருக்கும் இல்லை, உங்கள் தக்காளிக்கும் இல்லை.