களை எடுத்தீங்களா? மூன்று வாரம் உடம்பைக் கவனிங்க!

"அண்ணி, இது தோட்டமா, காடா?" என்று கொழுந்தனார் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமில்லை என்பது பதினோரு நாள் கழித்துத்தான் புரிந்தது.

கீழ்பென்னாத்தூரில் என் மாமியார் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கொல்லை. ஒரு காலத்தில் கத்திரி, வெண்டை, கொத்தவரை, அவரை எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை அந்த வீட்டில். அத்தைக்கு முழங்கால் வலி வந்த பிறகு, ஆடிப் பட்டத்தில் நாலு விதை போடுவதோடு சரி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது ஞாபகமிருக்கும். திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து விழுந்து ஏழு பேர் உயிரைக் குடித்த மழை அது. அந்த மழைக்குப் பிறகு கொல்லையில் இடுப்பு உயரத்துக்குக் களை! தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தைப் பட்டத்துக்கு இடத்தைத் தயார் பண்ணிவிடலாம் என்று இறங்கினோம். நான், கொழுந்தனார், கூலிக்கு வந்த ஒரு அக்கா.

அந்த அக்கா முதலில் செய்த காரியம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. களைக்கொத்தைக் கையில் எடுக்காமல் ஒரு நீளக் குச்சியை எடுத்து, புதர் புதராகத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். "மழை முடிஞ்சா எலி மேட்டுக்கு வரும்மா. எலி வந்தா பின்னாலயே விரியன் வரும்" என்றார். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். கண்ணாடி விரியன் செத்தைக்குள் சுருண்டு கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

களை என்றால் எல்லாமே களையும் இல்லை. மூக்கிரட்டை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி என்று அந்த அக்கா தனியாக ஆய்ந்து முந்தானையில் கட்டிக்கொண்டே வந்தார். ராத்திரி அவர் வீட்டில் கீரைக் குழம்பு. எங்கள் வீட்டில் தக்காளி ரசம். யார் கெட்டிக்காரர்?

அந்த வெள்ளைப் பூச் செடி

வேலியோரம் வந்ததும் அவர் நின்றுவிட்டார். "இந்தச் செடிய மட்டும் நீங்க பாத்துக்குங்கம்மா. எனக்கு ஆகாது."

கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டாக இலை, உச்சியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பார்த்தீனியம்! அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண் இமை இரண்டும் தடித்து, கறுத்து, சொரசொரவென்று இருந்தது. கழுத்து மடிப்பிலும், முழங்கை உட்பக்கமும் அதே மாதிரி. பல வருஷமாகச் சொறிந்து சொறிந்து தோல் யானைத் தோலாகிவிட்டது. "வெயில் பட்டா எரியுது, பனி வந்தா அரிக்குது" என்றார்.

மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி இது. 1955ல் புனேயில் பரவிக் கிடப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் நாடு விழித்துக்கொண்டது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று ஊரெல்லாம் சொல்வார்கள்; 'காங்கிரஸ் புல்' என்ற பெயரும் இருக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டுத் தாவரப் பதிவுகளிலேயே இந்தியாவில் இந்தச் செடி இருந்திருக்கிறது. கோதுமையின் மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. புனே டாக்டர்கள்தான் தோல் நோய்க்கும் இந்தச் செடிக்கும் உள்ள தொடர்பை 1970-களில் உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். கர்நாடக அரசு 1975லேயே இதைத் தீங்கு செய்யும் களை என்று அறிவித்தது. மெக்ஸிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து 1984ல் பெங்களூரில் பறக்கவும் விட்டார்கள். வண்டு இலையை நன்றாகத்தான் தின்கிறது. இருந்தாலும் ஒரே செடி பதினைந்தாயிரம் விதைக்குக் குறையாமல் போடுகிறதே, வண்டு என்ன செய்யும்?

செடியில் இருக்கும் பார்த்தெனின் என்ற பொருள்தான் அலர்ஜிக்கு முக்கியக் காரணம். தொட வேண்டும் என்பதுகூட இல்லை. காய்ந்த செடியின் தூசு காற்றில் வந்து இமையில், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில் உட்கார்ந்தாலே போதும். முதல் வருஷம் ஒன்றும் செய்யாது. தொட்டுத் தொட்டு, உடம்பு அதை 'எதிரி' என்று ஞாபகம் வைத்துக்கொண்டதும் ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு லேசில் விடாது. இன்னொன்று, சாமந்தியும் சூரியகாந்தியும் இதே குடும்பம். அந்த அக்காவுக்கு இப்போது சாமந்திப் பூ தொடுத்தாலும் அரிக்கிறதாம். பூஜைக்குப் பூ கட்டும்போது கை, இமை அரிக்கிறது என்று சொல்லும் பெண்கள், தோல் டாக்டரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் தானாகக் களிம்பு வாங்கி மாசக்கணக்கில் தடவாதீர்கள். ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலிய வைத்துவிடும்.

தோட்டத்துக்கும் இது சத்துரு. இதன் மகரந்தம் தக்காளி, கத்திரி, மிளகாய்ப் பூக்களின் மேல் போய் உட்கார்ந்தால் காய் பிடிப்பது குறையும். 'செடி நல்லாத்தான் இருக்கு, காய்தான் இல்லை' என்று புலம்புகிறவர்கள் வேலியோரத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்!

பிடுங்க வேண்டியது பூ வருவதற்கு முன்னால். முளைத்து ஒரு மாசத்திலேயே பூத்துவிடும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு, வேரோடு. பூக்காத செடியை மக்க வைத்து எருவாக்கலாம். பூத்த செடி எருக்குழிக்குப் போனால் அடுத்த வருஷம் தோட்டம் முழுக்க அதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்துத் தெளிப்பது ரோட்டோரத்துக்குச் சரி. காய்கறிப் பாத்தியில் தெளித்தால் மண் உப்பேறிவிடும். "களைக்கொல்லி அடிச்சா வேலை முடிஞ்சிடும்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. வீட்டுக்குச் சாப்பிடுகிற நாலு பாத்திக்கு எதற்கு விஷம்?

கோரையைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே வெட்டினால் அதற்குச் சந்தோஷம். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும் வரை முளைத்துக்கொண்டேதான் இருக்கும். கிளறிக் கிழங்கைப் பொறுக்குவதைத் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. சுத்தம் செய்த இடத்தில் எங்கள் ஊர் மல்லாட்டைத் தோலைக் கனமாகப் பரப்பினோம். மறுபடி முளைக்கிற சின்னக் களைகள் நன்றாகக் குறைந்தன.

அரைஞாண் கயிற்றுக்குக் கீழே

கொழுந்தனார் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் காலோடு, பத்தரை மணி டீயை வெட்டிப் போட்ட களைக் குவியலின் மேலேயே உட்கார்ந்து குடித்தார். மெத்தை மாதிரி இருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

பதினோராம் நாள் குளிர் காய்ச்சல். மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் 'வைரல் ஃபீவர்' என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்தும் 103 டிகிரி. ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருக்கவே, 'டெங்குவாக இருக்கும்' என்றார்கள். டெங்கு டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அத்தை அழவே ஆரம்பித்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான். "பத்து, பதினஞ்சு நாளைக்கு முன்னாடி காடு, கழனி, புதர்னு எங்கயாவது போனாரா?" நாங்கள் களை எடுத்த கதையைச் சொன்னதும், லுங்கியைத் தளர்த்தச் சொன்னார். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். "இது எப்ப வந்தது?" கொழுந்தனாருக்கே தெரியாது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை.

ஸ்க்ரப் டைபஸ். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். நாய் மேல் இருக்கும் உண்ணி இல்லை இது. புதர் மண்ணில் வாழும் ஒரு பூச்சியின் குஞ்சு. கடுகில் பாதிகூட இருக்காது. எலி நடமாடும் இடத்தில் அதிகம். புல் நுனியில் காத்திருந்து மேலே ஏறி, துணி இறுக்கமாக இருக்கும் இடத்தில் கடிக்கும். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே. கடித்தது தெரியாது. 6 நாளிலிருந்து 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று எதை வேண்டுமானாலும் தாக்கும். உயிரும் போகலாம்.

இது அபூர்வமான வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் வட தமிழ்நாட்டில் வருஷாவருஷம் வருகிறது. அந்தப் பனிக்காலத்திலேயே தமிழ்நாடு பொது சுகாதாரத்துறை எச்சரிக்கை விட்டது. அதில் திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, விழுப்புரம் மாவட்டங்களும் உண்டு.

நல்ல செய்தி என்னவென்றால், மருந்து விலை மலிவு. டாக்ஸிசைக்ளின்! சரியான சமயத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுக்கிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பது இன்னும் நல்லது என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023ல் வெளிவந்தது. சாதாரணமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது. ரத்தப் பரிசோதனை முதல் சில நாளில் பிடிகொடுக்காமல் போகலாம் என்பதால், சந்தேகம் பலமாக இருந்தால் டாக்டர்கள் மருந்தை உடனே ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் 'களை எடுத்தேன்' என்ற ஒரு வார்த்தை முக்கியம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். மறைவான இடத்தில் இருந்தால் பெண்கள் வெட்கப்பட்டுக் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அது வெட்கப்படும் நேரமில்லை.

கொழுந்தனாருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார், ஐந்து கிலோ இளைத்து.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இது. முழுக்கை சட்டை, முழு பேண்ட், பேண்ட் நுனி சாக்ஸுக்குள். காலில் பூட்ஸ். மூக்கை மூட ஒரு துணி. கொசு விரட்டும் 'டீட்' கலந்த களிம்பு காலில், இடுப்பில். களைக் குவியல் மேல் யாரும் உட்காரக் கூடாது, புதர் மேல் துணி காயப் போடக் கூடாது. வேலை முடிந்ததும் நேராகக் குளியலறை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வேண்டும். அழுக்குத் துணி தனியாக வெந்நீரில். எலி வராமல் இருக்க, வீட்டை ஒட்டிச் செத்தை, விறகு சேர்ப்பதில்லை. பார்த்தீனியத்தைக் கொளுத்துவதும் இல்லை.

களையெடுக்க வரும் அக்காவுக்கும் ஒரு ஜோடி கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தோம். கூலிக்கு வருகிறவருக்குத்தானே என்று விட முடியுமா? பார்த்தீனியம் பிடுங்குகிற அன்றைக்கு அவருக்கு லீவு, கூலியோடு. தோல் டாக்டரிடமும் அழைத்துப் போனோம். இமைத் தடிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

தை மாசம் நட்ட கத்திரி பங்குனியில் காய்த்தது. கொழுந்தனார் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு பறிக்கக் கிளம்பினால் அத்தை விடமாட்டார். "பொண்ணு பாக்கக் கிளம்பிட்டியாடா?"