ஆளியை ஆளும் வழி

வலையமைப்பில் கணினிகளை இணைக்கும் கருவி ஆளி எனப்படும். எத்துறையில் எக்கணினி உளது என்பதைத் தானே அறிந்து, வருஞ் செய்தியை உரிய துறைக்குச் செலுத்துதல் அதன் தொழில். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலாயினும், வினாயகபுரம் போன்ற கரையோரச் சிற்றூரின் பாடசாலைக் கணினிக் கூடத்திலாயினும் இத்தொழில் ஒன்றே. ஆதலின், ஆளியின் அமைப்பை மாற்றவல்லவர், அதன்வழிச் செல்லும் செய்திகளைத் தம்பால் திருப்பவும் வல்லவராவர். பரீட்சைப் புள்ளிகள் செல்லும் வழியில் இது சிறு காரியமன்று.

ஆளியைத் தொலைவிலிருந்து ஆள்வதற்கு நெடுங்காலம் பயன்பட்டது ரெல்நெற் என்னும் நெறிமுறை. அது கடவுச்சொல்லை மறைப்பின்றி அனுப்பும். 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் இவ்வாறே ஒற்றுக்கேட்கப்பட்டன. அங்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தாத்து யூலோனன் அவ்வாண்டிலேயே, அனைத்தையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை ஆக்கினார். எனினும் பழைய வழி அடைபடவில்லை. 2017 மார்ச்சில் சிஸ்கோ நிறுவனம், தன் ஆளிகளுள் 300 இற்கு மேற்பட்ட வகைகளில் ரெல்நெற் வழியே பிறர் முழு அதிகாரமும் பெறக்கூடிய குறையுண்டென அறிவித்து, அவ்வழியை அடைக்குமாறு கூறியது.

சிஸ்கோ ஆளியொன்றில் புதுவழி அமையுமாறு காண்க. முதற்கண் கொன்சோல் துறையில் வடத்தைச் செருகி, ஆளிக்குப் பெயரும் ஆள்களப் பெயரும் இடல் வேண்டும். அதன்பின் 2048 பிற்றுக்குக் குறையாத ஆர்.எஸ்.ஏ. சாவி ஆக்கப்படும். எஸ்.எஸ்.எச். இன் இரண்டாம் பதிப்பை மட்டும் ஏற்குமாறு பணித்தல் நன்று, முதற்பதிப்பு குறையுடையது. பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். ஒரே சொல்லை எல்லாரும் வழங்கி, அதனையும் தாளில் எழுதி ஆளிப் பெட்டியின்மேல் ஒட்டிவைக்கும் வழக்கம் நகைப்புக்குரியது. தொலைவழிகளில் எஸ்.எஸ்.எச். ஒன்றையே அனுமதித்து, அதனையும் பொறுப்பாளர் கணினிகளின் முகவரிகளுக்கு மட்டும் திறந்துவிடுதல் முறை. மாணவர் கணினிகளிலிருந்து ஆளியின் வாயில் தட்டப்படவே கூடாது.

பலரும் பொருட்படுத்தாதது ஒன்றுண்டு. முதன்முறை இணையும்போது, ஆளியின் சாவிக்குரிய கைரேகை போன்ற குறியொன்று திரையில் தோன்றி, இதனை நம்பலாமோ என வினவும். படியாமலே ‘ஆம்’ என்பவரே மிகப் பலர். இடையில் ஒருவன் ஆளிபோல் நடித்து நின்றால், அவ்வொரு சொல்லால் கடவுச்சொல் அவன் கைப்படும். மறைகுறியாக்கமும் அவனோடு செய்ததாகவே முடியும். கொன்சோல் வழியே அக்குறியை முன்னரே எழுதிவைத்து ஒப்பிட்டால் இத்தீங்கு நேராது.

இவையெல்லாம் முடிந்தபின்னும் வடத்தை உடனே கழற்றலாகாது. வேறொரு கணினியிலிருந்து புதுவழியே நுழைந்து பார்த்து, நுழைவு கைகூடிய பின்னரே அமைப்பைச் சேமித்து வடத்தை எடுத்தல் வேண்டும்.