வேலை கிடைத்தது; வீடு?

கொச்சி மெட்ரோ ரயில் 2017 ஜூனில் ஓடத் தொடங்கியபோது ஒரு புதுமையைக் கண்டோம், தோழர்களே! குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பின் வழியே 23 திருநங்கையருக்கு அங்கே வேலை! படித்தவருக்குப் பயணச்சீட்டு அறை, மற்றவருக்குத் துப்புரவு. (படிப்பை மறுத்த சமுதாயம் எது என்பது வேறு கதை.) நல்ல முயற்சி, பாராட்டுவோம். ஆனால், சில நாட்களிலேயே சிலர் வேலையைவிட்டு விலகினர். ஏன்? சோம்பலா? வாடகை வீடு தர ஆளில்லை! ஆளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினர் வீட்டுக்காரர்கள். நாள் வாடகை விடுதியோ சம்பளத்தையே விழுங்கியது. பிறகுதான் கன்னியர் மடம் ஒன்று இடம் தர முன்வந்தது. கூலி கேட்டோம், போனஸ் கேட்டோம். வேலை உத்தரவிலேயே குடியிருப்பையும் எழுது என்று நிர்வாகத்திடம் கேட்கவேண்டியதும் தொழிற்சங்கமே!