பதற்றத்தில் கேட்கும் முதல் ஆள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு அமெரிக்கன் படைப்புழுவைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட புழு, அந்த ஆண்டு மழைப் பருவத்திலேயே தமிழ்நாட்டிலும் மக்காச்சோளத்தை அழித்தது.

குருத்தில் மரத்தூள் போல எச்சத்தைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைகிறது. பயந்தவர் விசாரிக்காமல் இருப்பதில்லை. முதலில் அகப்படும் ஆளோடு நிறுத்திவிடுகிறார். அது பெரும்பாலும் மருந்துக்கடை. "என்ன புழு?" என்று கேட்டால் பதில் வராது, குருத்தைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார். தலையில் கவிழ்த்துப் போட்ட 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி இருந்தால் படைப்புழுதான். பகலில் அது குருத்துக்குள் பதுங்கும். அவசரத்தில் இலைமேல் அடித்த மருந்து அதன்மேல் படாது.

ஒருமுறை நஷ்டப்பட்டு வெறுத்தவர் கதை இன்னும் மோசம். அவர் யாரையும் கேட்பதில்லை. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது என்றுகூட.

புழுவை டப்பாவில் பிடித்து, கோவிலாங்குளம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் விரிவாக்க மையத்திலோ காட்டலாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.