நிழல் காட்டும் நேரமும் மணிக்கூடு காட்டும் நேரமும்

மார்ச் மாதமும் நவம்பர் மாதமும் வந்தால் எங்கள் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். முள்ளை முன்னுக்குத் தள்ளுவதா, பின்னுக்குத் தள்ளுவதா? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது ஒரு புதினம். ஊரில் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தால் அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு விடிய 2 மணி ஆனதும் அது 3 மணி ஆகிவிடுகிறது. நவம்பர் முதலாவது ஞாயிறு விடிய 2 மணி திரும்பவும் 1 மணி ஆகிறது. (ஏப்ரல், ஒக்ரோபர் என்று ஞாபகம் வைத்திருப்பவர்கள் 2007க்கு முன் வந்தவர்கள். அந்த வருடத்தில்தான் இப்போதைய திகதிகளுக்கு மாற்றினார்கள்.) இரவு வேலை செய்பவர்களுக்கு மார்ச்சில் ஒரு மணித்தியாலம் குறையும், நவம்பரில் ஒன்று கூடும். சம்பளத் துண்டில் அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் இதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. முள்ளைத் தள்ளியதும் நாங்கள் அதே மணிக்கூட்டைப் பார்த்துத்தான் இராகு காலமும் நல்ல நேரமும் சொல்கிறோம். அவை சூரியனைப் பார்த்துக் கணித்த நேரங்கள். சூரியனுக்குக் கனடாவின் சட்டம் தெரியாது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் சூரியன்தான் மணிக்கூடு. பழைய மொன்றியலில் நோத்ர டாம் தேவாலயத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய குருமடத்தின் முகப்பில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. 1701இல் வைத்தது. வட அமெரிக்காவின் மிகப் பழைய பொது மணிக்கூடுகளில் அதுவும் ஒன்று. அந்தக் காலத்து மணிக்கூடுகள் முந்தும், பிந்தும். அவற்றைத் திருத்துவதற்குச் சூரியக் கடிகாரம்தான் துணை. கியூபெக் நகரத்துக் குருமடச் சுவரில் 1773ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரம் ஒன்றை இன்றும் காணலாம். எங்கள் பக்கத்திலும் இது புதிதல்ல. கும்பகோணத்துக்கு அருகே திருவிசநல்லூர்ச் சிவன் கோயில் சுவரில் பித்தளை முள் வைத்த சூரியக் கடிகாரம் உண்டு. அதுவும் இல்லாத ஊர்களில் ஆட்கள் தங்கள் நிழலை அடியால் அளந்து பொழுது சொன்னார்கள்.

ரயில் ஓடத் தொடங்கியதும் இந்த முறை சரிவரவில்லை. சூரியனின்படி மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்கும் 23 நிமிட வித்தியாசம். எந்த ஊர் நேரத்தில் ரயில் வரும் என்று எழுதுவது? 1883 நவம்பர் 18ஆம் திகதி வட அமெரிக்க ரயில் கம்பனிகள் பெரிய வலயங்களாகப் பிரித்துப் பொது நேரத்துக்கு மாறின. இந்த முறைக்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் கனடாவின் ரயில்பாதைப் பொறியியலாளர் சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங். அன்றிலிருந்து மொன்றியலும் ரொறொன்ரோவும் ஒரே மணிக்கூடு, சூரியன் மட்டும் வேறு வேறு. பிறகு கோடை நேரம் வந்தது. அதை உலகத்திலேயே முதலில் செய்து பார்த்த ஊர் ஒன்ராறியோவின் போட் ஆதர், 1908இல். (அது இன்று தண்டர் பேயின் ஒரு பகுதி.) முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனி 1916இலும் கனடா 1918இலும் சட்டமாக்கின. விளக்கு எரிக்கும் செலவு மிச்சம் என்பது காரணம். சஸ்கற்சுவானின் பெரும்பகுதியில் இன்றும் முள்ளைத் தொடுவதே இல்லை. 2024இல் கியூபெக் அரசும் இந்த மாற்றம் வேண்டுமா என்று மக்களிடம் கேட்டது. கோடை நேரத்தையே நிரந்தரமாக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் டிசெம்பரில் மொன்றியலில் சூரியன் உதிக்கக் காலை எட்டரை ஆகும். பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இருட்டில் நிற்க வேண்டும் என்பதையும் அவர்கள் யோசிக்கவேண்டும்.

அரசாங்கம் நேரத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாட்டைக் காட்டி 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தார்கள். ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ பழைய நேரத்தையே வைத்திருந்தன. சமாதான காலத்தில் ஏ9 பாதையில் ஓமந்தையைத் தாண்டிய சனம் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தது. ஒரே தீவு, ஒரே சூரியன், இரண்டு நேரம். கோடையில் இங்கிருந்து கணக்குப் பார்த்தால் கொழும்புக்குப் பத்து மணித்தியாலம், கிளிநொச்சிக்கு ஒன்பதரை. இப்போது அந்தச் சிக்கல் இல்லை. குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. இங்கே இரவு 9 மணிக்கு எடுத்தால் அங்கே குளிர்காலத்தில் காலை 7.30, கோடையில் 6.30.

இனி இராகு காலத்துக்கு வருவோம். வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு, புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை என்று மனப்பாடமாக வைத்திருக்கிறோம். காலை 6 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 6 மணிக்கு மறையும் நாளை எட்டாகப் பிரித்த கணக்கு அது. யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறையப் பொருந்தும். மொன்றியலில் யூன் 21ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் 5.06க்கு உதித்து இரவு 8.47க்கு மறைகிறது. எட்டிலொரு பங்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். உச்சிப்பொழுது 12 மணிக்கு அல்ல, 12.57க்கு. எனவே அந்த வாரத்துப் புதன்கிழமை இராகு காலம் 12.57 முதல் 2.54 வரை. ஒன்றரைக்கு இராகு காலம் கழிந்துவிட்டது என்று நம்பி 2 மணிக்குத் தாலி கட்டினால், விலக்க நினைத்த நேரத்தின் நடுவிலேயே கட்டுகிறோம். டிசெம்பர் கடைசியில் பகல் எட்டே முக்கால் மணித்தியாலம்தான். எட்டிலொரு பங்கு 65 நிமிடம். அப்போது வெள்ளிக்கிழமை இராகு காலம் 10.47க்குத் தொடங்கி 11.52க்கு முடிந்துவிடும்.

இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பார்க்கவேண்டும் என்பதே எங்கள் கட்சி. ரொறொன்ரோவுக்குக் கணித்த கலண்டரும் இங்கே அப்படியே பொருந்தாது. அந்த 23 நிமிடத்தை முன்னுக்கு எடுக்கவேண்டும். அதைவிட, மொன்றியலின் உதயமும் அஸ்தமனமும் பத்திரிகையில் வருகின்றன. எட்டால் பிரிக்க எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நேரில் பார்க்க விரும்பினால் ஒரு தடியே போதும். யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி மத்தியானம் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். மொன்றியலில் அது ஒருநாளும் நடக்காது. டிசெம்பர் கடைசியில் மத்தியான நிழலே ஆளின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் நீளும்.

சூரியக் கடிகாரம் செய்யச் சுலபமான வழி இது. வட்டமான பலகை ஒன்றை 24 சம பங்காகப் பிரித்துக் கோடு போடுங்கள். நடுவில் ஒரு கம்பியை நேராகக் குத்தி, பலகையின் இரு பக்கமும் வெளியே தெரியும்படி விடுங்கள். கம்பி உண்மையான வடக்கைப் பார்த்து 45½ பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். அது மொன்றியலின் அகலக்கோடு. யாழ்ப்பாணத்தில் இதே கம்பி 10 பாகைகூட நிமிராது, கிட்டத்தட்டப் படுத்துவிடும். குளிர்காலத்தில் நிழல் பலகையின் கீழ்ப்பக்கத்தில் விழும் என்றபடியால் கோடுகளை இரு பக்கமும் போடவேண்டும்.

வடக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மொன்றியலில் செயின்ட் லோரன்ட் தெருவில் வடக்கே போ என்றால் அது உண்மையில் வடமேற்கு. திசைகாட்டியும் இங்கே ஏறக்குறைய 14 பாகை மேற்கே விலகி நிற்கும். எனவே வெயில் நாளில் பல்கனியில் ஒரு தடியை நேரே நிறுத்தி, நிழலின் நுனியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோக்கால் குறித்துக்கொண்டு வாருங்கள். கோடையில் 12.30க்கும், நவம்பருக்குப் பிறகு 11.30க்கும் தொடங்கினால் போதும். நிழல் மிகக் குட்டையாக விழும் கோடுதான் வடக்கு.