ஊட்டி குளிரில் கேமரா லென்ஸ் ஏன் மங்குது? என்ன செய்யணும்?

தொட்டபெட்டா சிகரம், 2,637 மீட்டர் உயரம். அதிகாலைக் குளிரில் அங்கே டி.எஸ்.எல்.ஆரில் படம் எடுத்துவிட்டு, கதகதப்பான ஹோட்டல் அறைக்குள் வர்றீங்க. அடுத்த நிமிடமே லென்ஸ் மேல் புகை மாதிரி ஒரு படலம். கேமரா போச்சா?

பதற வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கிற அதே கதைதான். அறைக்காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீர்த்துளியாகிறது.

தடுப்பது எப்படி?

அறைக்குள் நுழையும் முன், வெளியிலேயே கேமராவை ஜிப்லாக் கவரில் போட்டு மூடிடுங்க. ஈரம் கவர் மேல் படியும், கேமரா தப்பிக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். உடனே படம் பார்க்கணுமா? மெமரி கார்டை முதலிலேயே எடுத்துக்கோங்க.

ஏற்கெனவே மங்கிடுச்சா?

கேமராவை ஆஃப் செய்து, பேட்டரியைக் கழற்றி, தானாக உலர விடுங்க. லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளேயும் போகும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம்.

உண்மையான ஆபத்து

ஊர் திரும்பிய பிறகுதான் இருக்கு. ஈரம் காயாமல் பையில் வைத்த லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படரலாம். அது கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால், சர்வீஸ் செய்தாலும் தழும்பு மிஞ்சும். காற்றுப்புகாத டப்பாவும் சில சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளும் போதும், லென்ஸைக் காப்பாற்றிடலாம்.